சின்னப் படகில் போகிறவர்கள் போன் ஆப்களை எப்படிப் பயன்படுத்துகிறார்கள்: கடலூர் நண்பருக்கு ஒரு பதில்

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். மூன்று பேர் சேர்ந்து பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கியிருக்கிறார்கள், பதினாறு அடி, பின்னால் ஒரு சின்ன அவுட்போர்டு இன்ஜின், உப்பனாற்றில் கட்டி வைத்திருக்கிறார்கள், ஞாயிறு காலை ஆனால் கிளம்பிவிடுகிறார்கள். ஆளுக்கு ஏழெட்டு ஆப் போனில் போட்டிருக்கிறோம், ஆனால் படகு கிளம்பிய பிறகு ஒன்றையும் யாரும் திறப்பதில்லை, மற்றவர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள், எந்த ஆப் நல்லது என்பது அவர் கேள்வி. கடைசியில் இருக்கும் "எந்த ஆப் நல்லது" என்பதற்குப் பதில் சொல்வது சுலபம், ஆனால் அதைச் சொன்னால் உங்கள் போனில் ஒன்பதாவதாக இன்னொன்று சேரும், அவ்வளவுதான். நீங்கள் உண்மையில் கேட்பது, போட்டு வைத்த ஆப் எப்போது கைக்கு வரும், ஏன் வராமல் போகிறது என்பதை. அதற்குத்தான் இந்த நீளமான பதில்.

நான் புதுச்சேரியில் வாரக்கடைசியில் வருகிறவர்களுக்குப் பாய்மரப் படகும் கயாக்கும் கற்றுக்கொடுக்கிறவன். அதற்கு முன்னால் கப்பல்களில் ஜி.பி.எஸ்., ரேடார், ஆழம் அளக்கும் எக்கோ சவுண்டர் மாதிரிக் கருவிகளைப் பொருத்திப் பழுது பார்க்கும் வேலையில் இருந்தேன். அதனால் கருவி எப்படி வேலை செய்கிறது, எங்கே கைவிடும் என்பதை உறுதியாகச் சொல்ல முடியும். மனிதர்கள் அதை வைத்து என்ன செய்கிறார்கள் என்று நான் சொல்வது படகுத்துறையில் நின்று பார்த்துச் சேர்த்தது, யாரும் அளந்து எடுத்த கணக்கு இல்லை. இரண்டையும் கலக்காமல் எழுதப் பார்க்கிறேன்.

நான் பார்த்த வரையில் ஆப் போடுகிறவர்கள் ஏறத்தாழ ஒரே வழியில்தான் வருகிறார்கள். முதலில் காற்று. ஏற்கெனவே போனில் இருக்கும் வானிலை ஆப் "மேகமூட்டம், 33 டிகிரி" என்பதோடு நின்றுவிடும், படகுக்காரனுக்கு அது போதாது, யாரோ ஒருவர் விண்டி என்ற ஆப்பைக் காட்டுவார், வண்ண வண்ணமாகக் காற்று ஓடும், பார்த்த இடத்திலேயே எல்லோரும் இறக்கிக்கொள்வார்கள். அப்புறம் வாட்ஸ்அப் குழு ஒன்று. அடுத்தது கடல் வரைபடம், பெரும்பாலும் நேவியானிக்ஸ், இலவசமாகப் பார்க்கக் கிடைக்கும் நாட்களில் ஆசையாகப் பார்ப்பார்கள், சந்தா கேட்டதும் பாதிப் பேர் விட்டுவிடுவார்கள். கப்பல்களைக் காட்டும் மெரைன் டிராஃபிக், அலை ஓத நேரம் சொல்லும் ஏதாவது ஒன்று, போன தடத்தைப் பதிவு செய்யும் இன்னொன்று, இப்படிச் சேரும். கவனித்தால் தெரியும், ஒருவர் கையில் இருப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் அடுத்தவர் போடுகிறார். விளம்பரத்தைப் பார்த்துப் போட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

போடுவதற்கும் பயன்படுத்துவதற்கும் நடுவில்தான் ஓட்டை விழுகிறது. ஃபிரெட் டேவிஸ் என்ற ஆய்வாளர் 1989இல் சொன்ன ஒரு கருத்து இதற்கு நன்றாகப் பொருந்தும்: ஒரு கணினிக் கருவியை ஒருவர் ஏற்றுக்கொள்வது அது தனக்கு உதவும் என்று நினைப்பதையும், கையாள எளிது என்று நினைப்பதையும் பொறுத்தது. அவர் பேசியது அலுவலக மேஜையைப் பற்றி. நம் படகில் முதல் பாதி நிறைவேறுகிறது, இரண்டாம் பாதி இடத்துக்கு இடம் மாறிவிடுகிறது. வீட்டு சோபாவில் எளிதாக இருந்த அதே ஆப், ஒரு கையில் சுக்கானும் மறு கையில் பாய்க்கயிறும் இருக்கும்போது எளிது இல்லை. இதில் உடம்பு சம்பந்தப்பட்ட காரணம் ஒன்றும் இருக்கிறது. போன் திரை நம் விரலின் மின்னூட்டத்தை வைத்துத்தான் தொடுதலை உணர்கிறது. உப்புத் தண்ணீர் நன்றாக மின்சாரம் கடத்தும், அதனால் திரையில் தெறித்த சொட்டையே விரல் என்று நினைத்துக்கொண்டு படம் தானாகப் பெரிதாகும், சிறிதாகும், வேறு பக்கம் போகும். வெயிலில் கிடந்தால் சூடேறி வெளிச்சத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், மே மாதத்தில் அணைந்தேகூடப் போகும். ஆகவே நண்பரே, தண்ணீரில் ஆப்பைத் திறக்காமல் இருப்பது உங்கள் சோம்பல் இல்லை. நன்றாகப் பயன்படுத்துகிறவர்களும் தண்ணீரில் அதிகம் திறப்பதில்லை. அவர்கள் முந்தின ராத்திரியே திறந்து முடித்திருப்பார்கள். இதுதான் நான் கண்ட பெரிய வித்தியாசம்.

சரி, முந்தின ராத்திரி என்ன பார்ப்பது? காற்றும் அலையும். இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் திறக்கும் ஆப்பும் இதுதான், எல்லோரும் தப்பாகப் படிக்கும் ஆப்பும் இதுதான். விண்டி, விண்ட்ஃபைண்டர், பிரெடிக்ட்விண்ட் எல்லாம் தாமாகக் கடலுக்குப் போய் அளந்து வருவதில்லை. ஐரோப்பிய வானிலை மையத்தின் கணிப்பு, ஜி.எஃப்.எஸ். என்ற அமெரிக்கக் கணிப்பு என்று பெரிய கணினிகள் போடும் கணக்கைத்தான் நமக்குப் படமாக்கித் தருகின்றன. ஐரோப்பியக் கணிப்பு உலகத்தைச் சுமார் 9 கி.மீ. கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறது, மற்றது அதைவிடப் பெரிய கட்டம். தேவனாம்பட்டினம் கடற்கரையும் உங்கள் உப்பனாறும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடலாம். காலையில் கரையிலிருந்து வீசும் காற்று ஓய்ந்து, பகல் பதினொன்று பன்னிரண்டுக்கு மேல் தென்கிழக்கிலிருந்து கடல்காற்று ஏறும் அந்த மாற்றத்தை, அதுவும் கரையை ஒட்டிய முதல் சில கிலோமீட்டரில், இந்தக் கட்டங்கள் நேரம் தவறியும் வேகம் குறைத்தும்தான் காட்டுகின்றன. சித்திரை, வைகாசியில் ஆப் 10 நாட் என்று சொன்னால் நான் பிற்பகலுக்கு 15 என்று வைத்துக்கொள்வேன். ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கி.மீ. அந்த ஐந்து நாட் கூட்டல் என் கைக்கணக்கு, அதை விதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கட்டம் பெரிது என்பது மட்டும் உறுதி.

அலையில் இரண்டு எண் இருக்கும், உயரம் ஒன்று, விநாடி ஒன்று. உயரத்தை எல்லோரும் பார்க்கிறார்கள், விநாடியை யாரும் பார்ப்பதில்லை. உயரம் ஒரு மீட்டர் என்று இருந்தால் எல்லா அலையும் ஒரு மீட்டர் என்று பொருள் இல்லை, வருகிற அலைகளில் பெரியவையாக இருக்கும் மூன்றில் ஒரு பங்கின் சராசரி ஒரு மீட்டர். அதே கடலில் அதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு உயரத்தில் ஒன்று எப்போதாவது வரும். விநாடி என்பது ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடைவெளி. 5 விநாடி என்றால் உள்ளூர்க் காற்று கிளப்பிய குட்டை அலை, முகட்டுக்கு முகடு 40 மீட்டருக்குள், படகைப் போட்டு உலுக்கும், நனைக்கும். 14 விநாடி என்றால் தெற்கே வெகு தூரத்தில் எங்கோ அடித்த காற்றின் அலை, ஒரு முகட்டுக்கும் அடுத்ததுக்கும் 300 மீட்டர், நடுக்கடலில் இருப்பதே தெரியாது. ஆனால் அது ஆழம் குறையும் இடத்துக்கு வந்ததும் எழுந்து நின்று உடையும், அந்த இடம் நமக்கு முகத்துவாரம். காற்றே இல்லாத, கண்ணாடி மாதிரி இருக்கும் காலையில் முகத்துவாரத்தில் படகு கவிழ்வதற்கு இந்த நீண்ட அலைதான் காரணமாக இருக்கும். ஆப்பில் உயரம் 0.8 மீட்டர் என்று பச்சையாகத்தான் காட்டும். பக்கத்தில் 14 என்று இருந்தால் அந்தப் பச்சையை நம்பாதீர்கள்.

இதில் நம் ஊர் ஆப்களை மறந்துவிடக் கூடாது. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ், கடல் தகவல் சேவைக்கான மத்திய அரசு நிறுவனம், சமுத்ரா என்ற ஆப்பை வெளியிட்டிருக்கிறது. உயர்ந்த அலை எச்சரிக்கை, கடல் சீற்றம், சுனாமித் தகவல் எல்லாம் அதில் வரும். அதே நிறுவனம் 2020இல் சிறு படகுகளுக்கென்றே ஒரு ஆலோசனைச் சேவையைத் தொடங்கியது, 7 மீட்டர் வரை அகலமுள்ள படகுகளுக்கு எங்கே கவிழும் ஆபத்து அதிகம் என்று அலையின் செங்குத்தையும் அது பல திசையிலிருந்து வருவதையும் வைத்துக் கணக்கிடுகிறார்கள். மீனவர்களை நினைத்துச் செய்தது, உங்கள் பதினாறு அடிக்கும் அது பேசும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மீனவ நண்பன் ஆப் தமிழிலேயே இருக்கிறது. இந்திய வானிலைத் துறையின் மௌசம் ஆப்பில் காரைக்கால் ரேடார் படம் பார்க்கலாம், இடிமேகம் எங்கே நிற்கிறது என்று அதில் தெரியும். மின்னலுக்கு தாமினி, நீங்கள் இருக்கும் இடத்தைச் சுற்றி 20, 40 கி.மீ. வளையத்தில் மின்னல் விழுவதைக் காட்டும். பாய்மரப் படகில் நடுவில் உயரமாக ஒரு அலுமினியக் கம்பம் நிற்கிறது, ஆகவே உங்களுக்கு இது பொழுதுபோக்கு இல்லை. பொழுதுபோக்குப் படகுக்காரர்கள் இவற்றை அதிகம் போடுவதில்லை, பார்க்க விண்டி அளவு அழகாக இல்லை என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

ஒரு விஷயத்தைப் பல ஆப்கள் மறைக்கின்றன. தொடர்பு அறுந்தால் பல ஆப்கள் கடைசியாக வந்த தகவலையே காட்டிக்கொண்டிருக்கும், அது காலை ஐந்து மணிக்கு வந்ததா, முந்தாநாள் வந்ததா என்பது ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும். புதுச்சேரி, கடலூர் துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அதில் 11ஆம் எண் என்று ஒன்று இருக்கிறது, வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று அறிவிப்பதற்காக. தகவல் இல்லை என்பதையே ஒரு தகவலாகச் சொன்ன ஏற்பாடு அது. போனில் அந்த 11ஆம் எண்ணை நாம்தான் ஏற்றிக்கொள்ள வேண்டும்: கிளம்பும் முன் ஆப்பில் "கடைசியாகப் புதுப்பித்த நேரம்" எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து வையுங்கள். நேரத்தைக் காட்டாத ஆப் என்றால் அதை எடுத்துவிடலாம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது, கடந்த பிறகும் நகராமல் மணிக்கணக்காக நின்றது நினைவிருக்கும். திரையில் ஓடிய அழகான கோட்டுக்கும் வெளியே நடந்ததற்கும் எவ்வளவு தூரம் என்று அன்றைக்கு இந்த ஊரே பார்த்தது. துறைமுகத்தில் கூண்டு ஏறியிருந்தால் எந்த ஆப் என்ன சொன்னாலும் படகை அவிழ்க்க வேண்டாம்.

அடுத்தது வரைபடம். கூகுள் மேப்பில் கடல் ஒரே நீலம், அதில் ஆழம் கிடையாது, மணல் திட்டு கிடையாது, அதை வைத்துக் கடலில் வழி பார்ப்பவர்களை நான் ஒவ்வொரு சீசனிலும் பார்க்கிறேன். நேவியானிக்ஸ் மாதிரியானவற்றில் ஆழம் இருக்கும். ஆனால் நம் கரையில் மணல் வருடத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கிறது, வடகிழக்குப் பருவத்தில் திரும்புகிறது, அதோடு பெண்ணையாறும் கெடிலமும் வெள்ளத்தில் கொண்டுவந்து தள்ளுவது வேறு. புதுச்சேரி துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்களுக்குப் பிறகு வடக்கே கடற்கரை அரித்துப்போன கதை எல்லோருக்கும் தெரியும், அந்த மணல் நின்றுபோனதுதான் காரணம். இப்படி மழைக்கு முன் ஒரு வாய், மழைக்குப் பின் வேறு வாய் என்று இருக்கும் முகத்துவாரத்தின் ஆழத்தை எப்போதோ அளந்து போட்ட எண் எப்படிச் சரியாகச் சொல்லும்? அங்கே நான் ஆப்பைப் பார்ப்பதே இல்லை. புதுச்சேரி தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் விடிகாலை திரும்பி வரும் ஃபைபர் படகுக்காரரிடம் "அண்ணே, வாய்ல தண்ணி எப்படி இருக்கு, எந்தப் பக்கம் புடிச்சு வந்தீங்க?" என்று கேட்பேன். "வடக்கு கல்ல ஒட்டிப் புடி, நடுவுல ஒரு பாகம் கூட இல்ல" என்பார். பாகம் என்றால் ஆறடி. எந்த நிறுவனமும் விற்க முடியாத, அன்று காலை அளந்த ஆழம் அது. கடலூர் முதுநகரில் உங்களுக்கும் அப்படி ஒருவர் வேண்டும். தேநீர் வாங்கிக் கொடுத்துப் பழகுங்கள், விரித்த வலையின் மேல் படகை ஓட்டாதீர்கள், அவர்கள் தாராளமாகச் சொல்வார்கள்.

வரைபட ஆப்பில் இன்னொரு பள்ளம், பெரியவர்களையே விழுங்கியது. 2014 நவம்பர் 29 அன்று உலகைச் சுற்றும் பாய்மரப் படகுப் போட்டியான வோல்வோ ஓஷன் ரேஸில் ஓடிய டீம் வெஸ்டாஸ் விண்ட் என்ற படகு மொரீஷியஸுக்கு வடக்கே, இந்தியப் பெருங்கடலின் நடுவில் கார்கடோஸ் கராஹோஸ் பவளத்திட்டில் ராத்திரி மோதி நின்றது. உலகத்திலேயே கைதேர்ந்தவர்கள், கருவிக்கும் குறையில்லை. மின்னணு வரைபடத்தைச் சுருக்கிப் பார்க்கும்போது அந்தத் திட்டு ஆபத்தான இடமாகத் தெரியவில்லை, உள்ளே பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும், அந்த வழியை அப்படிப் பார்க்கவில்லை. ஒன்பது பேரும் உயிர் பிழைத்தார்கள். போன் திரை அவர்களுடையதைவிட எவ்வளவு சிறியது என்று யோசியுங்கள். போகப்போகும் வழி முழுவதையும் வீட்டிலேயே, பெரிதாக்கி வைத்துக்கொண்டு, விரலால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓட்டிப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிட வேலை.

ஆப் சொல்லும் "போய்ச் சேரும் நேரம்" பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் உங்கள் மூன்று பேருக்கும் சீக்கிரமே புதுச்சேரிக்கு ஒரு நடை போய்வரலாம் என்று தோன்றும். கடலூர் துறைமுக வாயிலிருந்து புதுச்சேரி வாய்க்குச் சுமார் 12 கடல் மைல். 4 நாட் வேகத்தில் மூன்று மணி நேரம், தெற்குக் காற்றில் போகும்போது அப்படியே நடக்கும், எல்லோருக்கும் மகிழ்ச்சி. திரும்பி வரும்போதும் ஆப் அதே மூன்று மணி நேரத்தைத்தான் காட்டும். ஆனால் இப்போது அந்தத் தெற்குக் காற்று நேர் எதிரே நிற்கிறது, பாய்மரம் காற்றை நோக்கி நேராகப் போகாது, இடமும் வலமுமாகக் கோணி ஏறவேண்டும். 4 நாட் ஓடினாலும் கடலூரை நோக்கி நகர்வது 2.8 நாட்தான். மார்ச், ஏப்ரலில் இந்தக் கரையில் நீரோட்டமும் வடக்கு நோக்கி ஓடும், அதற்கு அரை நாட் கழித்தால் மிச்சம் 2.3. பன்னிரண்டை 2.3ஆல் வகுத்துப் பாருங்கள், ஐந்து மணி நேரத்துக்கு மேல் வருகிறது. மதியச் சாப்பாட்டை முடித்து ஒன்றரைக்குக் கிளம்பினால் இருட்டில்தான் முகத்துவாரத்துக்கு வருவீர்கள், அதுவும் அலை உடையும் முகத்துவாரத்துக்கு. நேர்கோட்டு வேகத்தை வைத்துக் கணக்கிடும் எந்த ஆப்பும் இதைச் சொல்லாது. பாய்மரத்துக்கென்றே செய்த சில ஆப்கள் கோணி ஏறுவதைக் கணக்கில் எடுக்கின்றன, அவற்றுக்கும் உங்கள் படகு எந்தக் காற்றில் எவ்வளவு ஓடும் என்று நீங்கள் சொல்லித்தர வேண்டும், பழைய படகுக்கு அந்த எண் யாரிடமும் இருக்காது.

ஆபத்து நேரத்துக்கு வருகிறேன். போன் இருந்தால் போதும் என்ற நினைப்பு இங்கேதான் வலுவாக இருக்கிறது. உறுதியானதை முதலில் சொல்கிறேன். ஜி.பி.எஸ். செல்போன் டவரை நம்பி இல்லை, செயற்கைக்கோளிலிருந்து நேராக வருகிறது, திறந்த வானத்தின் கீழ் டவர் இல்லாத நடுக்கடலிலும் சில மீட்டர் பிழைக்குள் உங்கள் இடத்தைச் சொல்லும். டவர் இருந்தால் முதல் தடவை சீக்கிரம் பிடிக்கும், இல்லாவிட்டால் ஒன்றிரண்டு நிமிடம் கூடுதலாகும், அதனால் படகுத்துறையிலேயே ஒரு தடவை பிடிக்க விட்டுக் கிளம்புங்கள். இடம் உங்களுக்குத் தெரிவது வேறு, அதை இன்னொருவரிடம் சொல்ல முடிவது வேறு. டவர்கள் நிலத்து ஆட்களை நோக்கிச் சாய்த்து வைத்தவை. கரையிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் சிக்னலை நம்ப வேண்டாம், அலைப்பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் சின்னப் படகில் அதற்கு முன்னாலேயே வரும் போகும். வாட்ஸ்அப்பில் லைவ் லொக்கேஷன் நல்ல பழக்கம், 15 நிமிடம், ஒரு மணி, எட்டு மணி என்று மூன்று அளவு உண்டு, எட்டு மணியை வையுங்கள். அது டேட்டாவில் ஓடுவது. டேட்டா போனால் கரையில் இருப்பவர் திரையில் உங்கள் புள்ளி அங்கேயே சாதுவாக நிற்கும், நீங்கள் மீன் பிடித்துக்கொண்டிருப்பதாக அவர் நினைத்துக்கொள்வார்.

இடத்தைச் சொல்லும்போது எண்ணை எப்படிப் படிக்கிறீர்கள் என்பதில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது, இதை மட்டுமாவது இன்றைக்கே சரிபாருங்கள். பெரும்பாலான போன்கள் இடத்தைப் புள்ளி வைத்த டிகிரியாகக் காட்டும், கடலில் தேடுகிறவர்கள் டிகிரி, நிமிடம் என்று எழுதிப் பழகியவர்கள். சாமியார்பேட்டைக்கு நேரே நீங்கள் நிற்கிறீர்கள், போன் 11.55 வடக்கு என்று காட்டுகிறது. பதற்றத்தில் "பதினொன்று ஐம்பத்தைந்து" என்று சொல்கிறீர்கள், மறுமுனையில் 11 டிகிரி 55 நிமிடம் என்று எழுதிக்கொள்கிறார்கள். அது புதுச்சேரிக்கு நேரே. நீங்கள் நிற்பது 11 டிகிரி 33 நிமிடத்தில். 22 நிமிட வித்தியாசம், கடலில் அது 22 கடல் மைல், நாற்பது கிலோமீட்டர். ஆப்பின் அமைப்புக்குள் போனால் டிகிரி-நிமிடம் என்று மாற்றிக்கொள்ளலாம், எல்லோர் போனிலும் ஒரே மாதிரி மாற்றுங்கள், சொல்லும்போது "டிகிரி", "நிமிடம்" என்ற வார்த்தைகளை வாய்விட்டுச் சொல்லுங்கள். கடலோரக் காவல்படையின் மீட்பு எண் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழும போலீஸ் 1093, பொது அவசரத்துக்கு 112. மூன்றையும் போனில் மட்டும் வைக்காமல் படகின் உட்புறத்தில் பெயின்டால் எழுதி வையுங்கள்.

வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துச் செயற்கைக்கோள் மெசேஜ் கருவி வாங்கலாமா என்று கேட்பார்கள். நம் நாட்டில் செயற்கைக்கோள் போனும் அந்த வகைக் கருவிகளும் உரிமம் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம், தெரியாமல் கொண்டுவந்து விமான நிலையத்தில் மாட்டிக்கொண்ட சுற்றுலாப் பயணிகள் உண்டு. படகுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வி.எச்.எஃப். ரேடியோவைச் சட்டப்படி வாங்கி, உரிமம் எடுத்து வைத்துக்கொண்டால் சேனல் 16இல் நீங்கள் பேசுவதைச் சுற்றியுள்ள எல்லாப் படகும் ஒரே நேரத்தில் கேட்கும், போனில் ஒருவரைத்தான் கூப்பிட முடியும். தொடர்ந்து கடலுக்குள் போகப்போகிறீர்கள் என்றால் அடுத்த செலவு அதுவாக இருக்கட்டும். மெரைன் டிராஃபிக்கைப் பார்த்து "சுற்றிலும் யாரும் இல்லை" என்று முடிவு கட்டாதீர்கள், அது தன் இடத்தைத் தானே ஒலிபரப்பும் ஏ.ஐ.எஸ். கருவி வைத்த கப்பல்களை மட்டும் காட்டும், நம் கரையில் நிறைந்திருக்கும் ஃபைபர் படகும் கட்டுமரமும் அதில் வராது. உங்கள் படகும் அதில் வராது என்பதைக் கப்பல்களைக் கடக்கும்போது நினைவில் வையுங்கள்.

இத்தனை சொல்லிவிட்டு இதையும் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கடலோரக் காவல்படை ஒவ்வொரு வருடமும் பொழுதுபோக்குப் படகு விபத்துக் கணக்கை வெளியிடுகிறது, நம் பக்கம் அப்படி விரிவாக எடுத்து நான் பார்த்ததில்லை என்பதால் அதைத்தான் காட்டுகிறேன். 2023இல் 564 பேர் இறந்தார்கள், காரணம் தெரிந்த இறப்புகளில் முக்கால்வாசிப் பேர் மூழ்கி இறந்தார்கள், அப்படி மூழ்கியவர்களில் 87 சதவீதம் பேர் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கவில்லை. விபத்துக்கான காரணங்களில் முதல் இடத்தில் இருப்பது ஓட்டுகிறவரின் கவனக்குறைவு. அதில் போன் எவ்வளவு என்று அந்தக் கணக்கு பிரித்துச் சொல்லவில்லை, நானும் அதைப் போன் மேல் ஏற்ற மாட்டேன். ஆனால் சுக்கான் பிடித்தவர் தலை குனிந்து திரையைத் தேய்ப்பதை நான் பார்க்கும்போதெல்லாம் போனை வாங்கி வைத்துவிடுவேன். பார்க்க வேண்டும் என்றால் சுக்கான் பிடிக்காத ஒருவர் பார்த்து உரக்கச் சொல்லட்டும்.

இனி உங்கள் மூன்று பேருக்கு நேரான பதில். காற்றுக்கு ஒன்று, இன்காய்ஸ் எச்சரிக்கைக்கு சமுத்ரா, இந்தப் பகுதி வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்த ஒரு வரைபட ஆப், அவ்வளவு போதும், மீதியை ஒரு மாதம் திறக்கவில்லை என்றால் நீக்குங்கள். போன்களில் ஒன்றை முழுச் சார்ஜில் அணைத்து, தண்ணீர் புகாத உறையில் போட்டு, ஒருவர் உடம்போடு கட்டிக்கொள்ளட்டும். கொஞ்சம் காற்று விட்டு மூடினால் விழுந்தாலும் உறை மிதக்கும். போன் பெட்டியில் ஐ.பி.68 என்று தண்ணீர் தாங்கும் தரக்குறியீடு போட்டிருப்பது நல்ல தண்ணீரில் சோதித்தது, உப்புத் தண்ணீருக்கு அந்த வாக்குறுதி கிடையாது. கடலுக்குப் போகாத ஒரு ஞாயிறு உப்பனாற்றுக்குள்ளேயே, கையை நனைத்துக்கொண்டு, உறைக்கு மேலிருந்தே போனைத் திறந்து, உங்கள் இடத்தை டிகிரி-நிமிடத்தில் கரையில் நிற்கும் ஒருவருக்கு வாயால் சொல்லிப் பாருங்கள், அவர் எழுதியதை அப்புறம் ஒத்துப் பாருங்கள். மூன்று பேரும் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

அந்தக் கரை ஆள் யார் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். இங்கிலாந்தில் கிளம்பும் முன் ஒரு ஆப்பில் பயண விவரத்தைப் பதிந்துவிட்டால், திரும்பும் நேரம் தாண்டியதும் அது எச்சரிக்கும், தகவல் அங்குள்ள கடலோரக் காவல் அமைப்பின் கைக்கும் கிடைக்கும். நமக்கு அந்த வேலையை வீட்டில் இருக்கும் அண்ணனோ அக்காவோ நண்பரோதான் செய்ய வேண்டும். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம், எத்தனை மணி தாண்டினால் யோசிக்காமல் 1554ஐக் கூப்பிட வேண்டும் என்று அவருக்கு ஒரு மெசேஜ் போடுங்கள். அதோடு படகின் பக்கவாட்டுப் படம் ஒன்று, நீளம், படகின் நிறம், பாயின் நிறம், இன்ஜின் குதிரைசக்தி, எத்தனை பேர், எத்தனை லைஃப் ஜாக்கெட், அவை என்ன நிறம் என்பதையும் சேர்த்து அனுப்பி வையுங்கள், தேடக் கிளம்புகிறவர்கள் அவரிடம் முதலில் கேட்பது இவற்றைத்தான்.